ருத்விக்குக்கு வரவேண்டிய ஏப்பம்

சாத்தூரில் காராச்சேவு போடும் வீடுகள் வரிசையாக இருக்கும் பட்டறைத் தெருவில், ஐப்பசி பிறந்த நாலாம் நாள் மத்தியானம், செண்பகவல்லி தன் ஐம்பத்து நாலு நாள் பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்து, தோளில் துண்டைப் போட்டு, அவனை அதன்மேல் சாய்த்து முதுகில் மெதுவாகத் தட்டினாள். தட்டினதும் ஏப்பம் வந்தது, ஆனால் பிள்ளைக்கு வரவில்லை, எதிர்த்த கடையில் சேவுக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குருவையா அண்ணாச்சிக்கு வந்தது.

அது லேசுப்பட்ட ஏப்பம் இல்லை. கஷாயத்துக்கும் சூரணத்துக்கும் கோலி சோடாவுக்கும் மசியாமல் இருபத்திரண்டு வருஷமாக அவர் வயிற்றுக்குள் குடித்தனம் நடத்திய வாயு, மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு, தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரைக்கும் கேட்கும்படி வெளியேறியது. அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார், கண்ணை மூடினார், "முருகா" என்றார். பிறகு வாங்க வந்தவளுக்குக் கால் கிலோவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

செண்பகவல்லிக்கு அப்போது யாருடைய ஏப்பத்தையும் கவனிக்கிற நிலைமை இல்லை. ருத்விக் என்று ஆசையாக வைத்த பேர் தெருவில் ஒரு வாயிலும் நுழையாமல் 'ருத்து' என்று ஆனபோது சிரித்ததுதான், அதற்குப் பிறகு அவள் சிரிக்கவே இல்லை. பால் குடிக்கும் வரைக்கும் பிள்ளை சமர்த்து. குடித்து வாயெடுத்த கொஞ்ச நேரத்தில் முதுகை வில்லாக வளைப்பான், முகம் மிளகாய்ப் பழமாகும், குடித்ததில் பாதி தயிராகி வாய்வழியும் மூக்குவழியும் திரும்பி வரும், வந்தபின் அழத் தொடங்குவான்; படுக்கப் போட்டால் அழுவான், தொட்டிலில் போட்டால் அழுவான், மடியில் போட்டால் அழுவான், விளக்கேற்றுகிற நேரத்தில் தொடங்கினால் தொண்டை கம்மும் வரைக்கும் அழுவான். ஓர் ஏப்பம் வந்தால் போதும், அடங்கிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஓர் ஏப்பம்தான் வரவில்லை.

அவளுக்கு அம்மா இல்லை, மாமியாரும் இல்லை. புருஷன் தவசி சிவகாசியில் காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். ஐப்பசி கார்த்திகையில் அங்கே மூக்கைச் சொறியக்கூட நேரம் கிடைக்காது. பெரியவர்கள் இல்லாத வீடு என்று தெரிந்ததும் தெருவே அவளுக்குப் பெரியவராகிவிட்டது. உன் பால் சூடு என்றது ஒரு வீடு, உன் பால் தண்ணி என்றது அடுத்த வீடு, பத்தவில்லை என்றது மூன்றாவது வீடு, அதிகம் என்றது நாலாவது வீடு, கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டது ஐந்தாவது வீடு, நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு கொடுத்திருப்பாய் என்று நேரில் பார்த்த மாதிரி சொன்னது ஆறாவது வீடு. ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்ட இத்தனை யோசனைகளும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒத்துப்போயின: தப்பு செண்பகவல்லி மேல்தான். அவளும் நம்பினாள். தன் கையில் ஏதோ கோளாறு இருக்கிறது, அதனால்தான் தன் பிள்ளை தன்னிடம் ஆறவில்லை என்று அடுப்படியில் நின்று அழுதாள்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அழகுத்தாய் வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடலை மாவு படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏ செண்பகா, இப்பப் பிள்ளையத் தட்டுனியா?"

"ஆமா மதினி. ஏன்?"

"ஒண்ணுமில்ல. இன்னொருக்கத் தட்டு, பாப்பம்."

செண்பகவல்லி தட்டினாள். அழகுத்தாய் நெஞ்சில் கைவைத்து, பந்தியில் ரசத்துக்குப் பிறகு வரும் ஏப்பம் ஒன்றை நிதானமாக விட்டாள்.

"சரிதான்," என்றாள். "ஒம் மகன் ஏப்பந்தான் எனக்கு வருது. நானும் ரெண்டு நாளாச் சந்தேகப்பட்டேன். இரு, ஒலையில அரிசி கெடக்கு." போய்விட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்தது; தெரிந்தும் யாரும் வாயைப் பிளக்கவில்லை. கடலை மாவும் பூண்டும் தின்று வளர்ந்த அந்தத் தெருவில் வாயுத் தொல்லை இல்லாதவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் பிள்ளையாரைத்தான் காட்ட வேண்டும், அவர் வயிற்றைப் பார்த்தால் அதுவும் நிச்சயமில்லை. ஆகவே ஏன் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். ருத்து பால் குடிக்கும் நேரத்தை அண்ணாச்சி கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதிப் போட்டார். அந்த நேரத்துக்கு முன்னால் சாப்பாட்டை முடித்துவிட்டு ஆண்களும் பெண்களும் அவரவர் வாசலில் வந்து வாகாகச் சாய்ந்து காத்திருந்தார்கள். முன்பு ஒரு கை சோற்றோடு எழுந்தவர்கள் மறுசோறு வாங்கினார்கள், மொச்சையையும் வாழைக்காயையும் வருஷக்கணக்காக விலக்கி வைத்தவர்கள் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், சோடாக்கடைக்காரர் சோடாவை விட்டுவிட்டு நன்னாரி சர்பத்துக்கு மாறினார். கடைசி வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக் கேசரியும் பஜ்ஜியும் தின்ற கையோடு மூன்று ஏப்பம் அடுத்தடுத்து வர, பையனுக்கு நல்ல சீரண சக்தி என்று பெண் வீட்டார் அங்கேயே தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

செண்பகவல்லியைப் பற்றிப் பேசுகிற பேச்சும் மாறியது. அவள் பாலைக் குறை சொன்ன வாய்களே, ராசியான கை, குளிர்ந்த கை என்றன. சுறா மீனும் பூண்டும் வீடு தேடி வந்தன. பிள்ளை சிணுங்கினால் போதும், எதிர் வாசலிலிருந்து குரல் வரும், "பசிக்குல்லா அழுவுதான், குடு தாயி, குடு." கொடுத்தால் தட்ட வேண்டும், தட்டினால் அவர்களுக்கு ஆகும். இது சூது இல்லை; பிள்ளை அழுதால் பசி, பசித்தால் பால் என்பதைத் தவிர வேறெதையும் அவர்கள் அறியாதவர்கள். ஆனால் எட்டு வேளை குடித்தவன் பதினைந்து வேளை குடித்தான், சின்ன வயிறு விளிம்பு வரைக்கும் நிரம்பியது, நிரம்பியதெல்லாம் மேலே ஏறி வந்தது, வந்தபோதெல்லாம் எரிந்தது, எரிந்ததால் அழுதான், அழுததால் மறுபடி பால் கொடுத்தார்கள். ஊருக்கெல்லாம் சுகம் கொடுத்த கை பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் செய்யாததைப் பார்த்துப் பார்த்து செண்பகவல்லிக்கு அந்தக் கையையே வெறுத்துப்போனது.

ஒரு புதன்கிழமை தவசி அரைநாள் லீவு போட்டு அவளையும் பிள்ளையையும் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டரம்மா பிள்ளையை எடை போட்டார், வயிற்றை அமுக்கினார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.

"எடை நல்லா ஏறுது. வாந்தியில பச்சையோ ரத்தமோ கிடையாதுல்ல? அப்பப் பயப்பட ஒண்ணுமில்ல. உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவுல ஒரு வாசல் இருக்கு, இவனுக்கு அது இன்னும் சரியா மூடல. உக்காரப் பழகி நடக்கப் பழகுறதுக்குள்ள தானா சரியாயிரும். கொஞ்சம் கொஞ்சமாப் பால் குடுங்க, நடுவுல தட்டுங்க, குடிச்சதும் அரை மணி நேரம் நிமிர்த்தித் தோள்ல வச்சிருங்க. தூங்கும்போது மல்லாக்கத்தான் போடணும். ஓமத்தண்ணி, வசம்பு, ஒண்ணும் வாயில ஊத்தாதீங்க."

"தட்டுனா ஏப்பம் வேற ஆளுக்குப் போகுது டாக்டரம்மா," என்றாள் செண்பகவல்லி.

"தட்டுங்க பாப்போம்."

தட்டினாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. தவசி அண்ணாச்சிக்குப் போன் போட்டான். இப்போதுதான் வந்தது, அருமையான ஏப்பம், ரொம்ப நன்றி என்றார் அவர். டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சீட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

"இது நாங்க படிச்சதுல இல்லம்மா. ஆனா நிமிர்த்தி வைக்கிறது இருக்கு. அதச் செய்யுங்க. இன்னொண்ணு, ஒங்க பால்லயும் தப்பில்ல, கையிலயும் தப்பில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக செண்பகவல்லி ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள், நடுவில் நிறுத்தித் தட்டினாள், நிமிர்த்தி வைத்தாள். வாந்தி குறைந்தது, ஆனால் ஏப்பம் தெருவுக்குத்தான் போனது, அழுகை பாதிதான் அடங்கியது. அதோடு ஒரு நாளைக்குப் பத்து வேளை, வேளைக்கு அரை மணி நேரம் என்று பிள்ளையைத் தோளில் நிறுத்தி வைத்ததில் இரண்டாம் நாளே அவள் கை மரத்துவிட்டது. சோறு பிசையக்கூட விரல் மடங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பால் கொடுத்துவிட்டு, தட்டாமல், பிள்ளையை ஏந்திக்கொண்டு நேரே தெருவில் இறங்கினாள். காலைப் பலகாரத்தை முடித்துவிட்டு ஏப்பத்துக்காகச் சாய்ந்திருந்த தெரு நிமிர்ந்து உட்கார்ந்தது.

"இனிமே நான் சும்மா தட்ட மாட்டேன்," என்றாள். தெருவில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "யாருக்கு ஏப்பம் வருதோ அவுக வந்து அரை மணி நேரம் பிள்ளையத் தோள்ல வச்சிருக்கணும். இல்லன்னா அம்புட்டுப் பேரும் வயித்தப் பிடிச்சிக்கிட்டே கெடங்க."

சொல்லிவிட்டு ஒரு தட்டு தட்டினாள். குருவையா அண்ணாச்சிக்குத்தான் வந்தது.

அண்ணாச்சிக்கு நாலு பிள்ளைகள். நாலில் ஒன்றையும் கழுத்து நிற்கிற வரைக்கும் அவர் தூக்கியதில்லை. மூட்டை தூக்கிய கைக்கு அது ஆகாது என்று ஒதுங்கிக்கொண்டவர். இப்போது தெருவே பார்க்க, இரண்டு கையையும் நீட்டி, ருத்துவை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அழகுத்தாய் அவர் கையைப் பிடித்துப் பிள்ளையின் தலைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். ஐந்து நிமிஷம் பிள்ளை அவர் காதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாவது நிமிஷம் அவன் உடம்பு கட்டையாக விறைப்பதையும், வயிற்றுக்குள் ஏதோ மேலே ஏறுவதையும், அது தொண்டைக்கு வந்ததும் அவன் அதை மறுபடி விழுங்கி முகம் கோணுவதையும் அவர் தன் நெஞ்சிலேயே உணர்ந்தார். அடுத்த முறை அது வெளியே வந்து, அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டையில் காலர் தொடங்கி இடுப்பு வரைக்கும் இறங்கியது. பிள்ளை அலறினான். அண்ணாச்சி அசையாமல் நின்றார்.

"இது எனக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "இந்த எரிச்சல் எனக்கு நல்லாத் தெரியும் தாயி. எனக்காவது எரியுதுன்னு சொல்ல வாய் இருந்துச்சு. இத்தனூண்டு வயித்துக்கு வரவேண்டியத நானா இத்தன நாளும் வாங்கித் தின்னேன்?"

அரை மணி நேரம் முடிந்தும் அவர் பிள்ளையைத் தரவில்லை.

அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் முன்னால் தெரு கூடியது. அழகுத்தாய்தான் ஒரு குறிப்பு சொன்னாள்: போன கிருத்திகைக்கு அவள் ஒருபொழுது இருந்தாள், அன்றைக்குச் சாப்பிடுகிற வரைக்கும் அவளுக்கு ஓர் ஏப்பம்கூட வரவில்லை. அப்படியென்றால் அது சோறு உள்ள வயிறாகத் தேடித்தான் போகிறது. தெருவில் அத்தனை வயிறும் காலியாக இருந்தால் அதற்குப் போக்கிடம் ஏது, சொந்த வீட்டுக்குத்தானே திரும்ப வேண்டும்? எல்லாருக்கும் இது நியாயமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை சிறுபிள்ளைகளை அடுத்த தெருச் சொந்தக்காரர்கள் வீட்டில் விட்டுவிட்டு, மற்றவர்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருப்பது என்று முடிவானது. இருப்பதாகக் கோயில் முன்னால் கற்பூரத்தில் அடித்துச் சத்தியமும் பண்ணினார்கள்.

ஞாயிறு மத்தியானம் நாற்பத்து மூன்று பேர் வாடிய முகத்தோடு வாசல்களில் நிற்க, செண்பகவல்லி பிள்ளைக்குப் பால் கொடுத்து, தோளில் போட்டு, சாமியை வேண்டிக்கொண்டு தட்டினாள். குருவையா அண்ணாச்சி ஏப்பம் விட்டார்.

"அடப் பாவி மனுசா!" என்றாள் அழகுத்தாய்.

"முருகன் சத்தியமா ஒரு பருக்க தொடல!"

செண்பகவல்லி மறுபடி தட்டினாள். அழகுத்தாய்க்கே வந்தது. மறுபடி தட்டினாள், கடைசி வீட்டுக்காரருக்கு வந்தது. அதற்குப் பிறகு சரவெடியாய்த் தெரு முழுக்க ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் வெடித்துக்கொண்டு போனது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் முகத்திலும் பசி அப்பட்டமாகத் தெரிந்தது, பொய் தெரியவில்லை.

செண்பகவல்லிதான் கேட்டாள். "அண்ணாச்சி, காலையிலருந்து என்ன செஞ்சீக? ஒண்ணுவிடாமச் சொல்லுங்க."

"எந்திரிச்சேன், குளிச்சேன், அடுப்பப் பத்த வச்சேன், பன்னெண்டு ஈடு சேவு போட்டேன், உப்புப் பாத்தேன், கூடையில கொட்டுனேன்."

"உப்புப் பாத்தீகளா?"

"பின்ன உப்புப் பாக்காம எப்பிடித் தாயி சேவு போட?"

அந்தத் தெருவில் உப்புப் பார்ப்பது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. ஈட்டுக்கு ஈடு அரைக் கை அள்ளி வாயில் போட்டு, உப்பும் காரமும் பூண்டும் நின்றிருக்கிறதா என்று மென்று பார்ப்பார்கள். சஷ்டி விரதக்காரர்களும் பார்ப்பார்கள், மாலை போட்டவர்களும் பார்ப்பார்கள், சர்க்கரை வியாதிக்காரர்களும் பார்ப்பார்கள், அது தொழில். அன்று காலையில் பட்டினி கிடந்த நாற்பத்து மூன்று பேரும் உப்புப் பார்த்தே ஆளுக்குக் கால் கிலோ சேவு தின்றிருந்தார்கள், அதுவும் தங்களுக்கே தெரியாமல்.

அடுப்பு எரிந்தால் உப்புப் பார்க்காமல் இருக்க முடியாது, அது கைக்கும் வாய்க்கும் பழகிப்போனது. அப்படியானால் அடுப்பை அணைக்க வேண்டும். தீபாவளிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் லாரியில் போகவேண்டிய டின்கள் காலியாக அடுக்கிக் கிடந்தன. தீபாவளிக்கு முந்தின வாரம் அடுப்பு அணைந்ததாக அந்தத் தெருவில் கதைகூடக் கிடையாது. செண்பகவல்லி பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுப்பக்கம் திரும்பினாள்; கேட்பதற்கு அவளுக்கு வாய் வரவில்லை. அப்போது அவள் தோளில் தலை வைத்திருந்த பிள்ளை முதுகை வளைத்து அழத் தொடங்கினான். குருவையா அண்ணாச்சி தன் பட்டறைக்குள் போனார், எரிகிற விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். அவரைப் பார்த்து அழகுத்தாய் இழுத்தாள். பிறகு ஒவ்வொரு வீடாகப் புகை அடங்கியது.

மறுநாள் பட்டறைத் தெருவில் எண்ணெய் வாசமே இல்லை. வழிதவறி வேறு தெருவுக்கு வந்துவிட்டோமோ என்று தபால்காரர் ஒரு நிமிஷம் தயங்கினார். அச்சகத்தில் லீவு கிடைக்காமல் சண்டை போட்டுவிட்டு வந்த தவசியும் சேர்ந்து தெருவே நிஜமாகப் பட்டினி கிடந்தது, செண்பகவல்லியைத் தவிர. அவளும் இருக்கிறேன் என்றுதான் சொன்னாள். பால் கொடுக்கிறவள் பட்டினி கிடந்தால் காலை ஒடிப்பேன் என்று அழகுத்தாய் அவளை நடுவாசலில் உட்கார வைத்து, அடுத்த தெருவில் ஆக்கி வாங்கிய சுடுசோற்றில் பூண்டுக் குழம்பை ஊற்றினாள். சுற்றி நின்ற நாற்பத்து நாலு பேரும் எச்சில் விழுங்க விழுங்க அவள் மூன்று கரண்டிச் சோறு சாப்பிட்டாள். அவள் வயிற்றுக்கு ஏப்பம் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை. அவள் தின்றது அவனுக்குப் போகிறதுதானே, அதனால் ஏப்பம் அவளைத் தனி ஆளாகப் பார்க்கவில்லை என்று பிற்பாடு விளக்கம் சொன்னார்கள்.

பிள்ளைக்குக் கொஞ்சமாகப் பால் கொடுத்தாள். தோளில் சாய்த்தாள். ஒரு தட்டு தட்டினாள். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. யாருக்கும் வரவில்லை. இரண்டாவது தட்டு, அண்ணாச்சி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார், அவருக்கும் வரவில்லை. மூன்றாவது தட்டுக்குக் கை ஓங்கவில்லை, வெறுமனே அந்தச் சின்ன முதுகின்மேல் உள்ளங்கையை வைத்தாள். காதுக்குக் கேட்பதற்கு முன்னாலேயே அது உள்ளங்கைக்குத் தெரிந்தது, தவளைக்குஞ்சு தண்ணீரில் குதிக்கிற அளவுக்கு ஓர் அசைவு. பிறகு ருத்து ஏப்பம் விட்டான்.

எறும்புக்குக் கேட்கிற ஏப்பம்தான். தெருவில் எல்லாருக்கும் கேட்டது. பின்னாடியே ஒரு சொட்டுப் பால் துண்டில் விழுந்தது. பிள்ளையின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன, வயிறு தளர்ந்தது, அரை மணி நேரம் அம்மாவின் தோளில் அவன் பாட்டுக்கு உலகத்தைப் பார்த்தான், அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டான். செண்பகவல்லி அவனைப் பாயில் மல்லாக்கக் கிடத்தினாள். அவன் அழவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் சாய்ந்தவள், அறுபது சொச்சம் நாள் தூக்கத்தையும் சேர்த்து, சேலை விலகினதுகூடத் தெரியாமல் தூங்கிப்போனாள்.

விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அழுகைச் சத்தம் கேட்காததில் பதறிப் பிள்ளையின் மூக்கில் கைவைத்துப் பார்த்தாள். சீராக மூச்சு வந்தது. வாசலுக்கு வந்தாள். தெருவில் ஓர் அடுப்பும் எரியவில்லை. காலி டின்கள் அப்படியே இருந்தன. தெருக்காரர்கள் அவரவர் வாசலில், பசியில் கண் சொருகி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். குருவையா அண்ணாச்சி அவள் வீட்டுப் படியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, என்ன இது? அப்பவே முடிஞ்சிருச்சே, இன்னுமா யாரும் சாப்பிடல?"

அண்ணாச்சி அவசரமாக உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசு தாயி," என்றார். "சட்டி உருட்டுனாப் பிள்ள முழிச்சிரும்."